பேனரில் இருப்பவர் அமராவதி

மலர்கொடி எந்த நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டாள் என்று உப்பளத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு அமராவதி வீட்டுக் குழம்பு அடிப்பிடித்திருக்கும்.

இரண்டும் எதிரெதிர் வீடு. மலர்கொடி குளித்துவிட்டு வாசலில் முக்காலி போட்டு, முதுகை வெயிலுக்குக் கொடுத்து உட்காருவாள். முடி முக்காலியைத் தாண்டி இறங்கும். மண் படக்கூடாது என்று ஒரு தட்டை வைத்து அதில் நுனியைக் கிடத்துவாள். முடிக்குத் தட்டு! அதைப் பார்த்தால்தான் அமராவதிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். அது மலர்கொடி மாமியார் சோறு தின்கிற தட்டு என்று தெருவில் சொல்லிப் பார்த்தாள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. "அவ்ளோ நீளம் இருந்தா வேற இன்னாதான் பண்ணுவா பாவம்" என்று மலர்கொடிக்கே பரிந்து பேசினார்கள்.

அமராவதி உப்பளத்தில் கூடை தூக்குகிறவள். பாத்தியில் வாரிய உப்பு ஈரம் சொட்டச் சொட்டத் தலைக்கு ஏறும். சும்மாட்டுத் துணியை நனைத்துக்கொண்டு உப்புத் தண்ணீர் உச்சியில் இறங்கும். அந்த இடத்தில் முடி தேய்ந்து, கைப்பிடி வைத்த டம்ளரின் அடிபோலப் பளபளத்தது. சுற்றியிருந்தது தென்னந்துடைப்பம். மலர்கொடியின் புருஷன் லைன்மேன். அவள் ஃபேன் காற்றில் உட்கார்ந்து ஜாக்கெட் தைப்பவள். கூடைக்கும் அவள் தலைக்கும் அறிமுகமே கிடையாது.

இதை எல்லாம் அமராவதி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மலர்கொடி ஏதோ ஒன்றைத் தேய்க்கிறாள், அது எதுவென்று சொல்லாமல் மறைக்கிறாள், அவ்வளவுதான். ஆகவே எதையும் விடாமல் வாங்கினாள். வீட்டு விட்டத்தில் ஷாம்பு பாக்கெட் சரம் சரமாகத் தொங்கியது. முட்டை ஷாம்பு, பாதாம் ஷாம்பு, பேர் வாசிக்க வராத ஒரு பச்சை ஷாம்பு. அலமாரியில் செம்பருத்தித் தைலம், வெட்டிவேர்த் தைலம், கிளியனூர்ப் பக்கம் லாரியில் வந்தவன் விற்ற கரடித் தைலம். கண்டிஷனர் என்று ஒன்றை வாங்கி, அது முகத்துக்கு என்று நினைத்து ஒரு மாதம் பூசினாள். முகம் வழவழப்பாகத்தான் இருந்தது.

"ஏம்மே, தலை ஒண்ணுதான இருக்குது உனக்கு?" என்று கேட்டான் அவள் புருஷன் பலராமன்.

"அவளுக்கு மட்டும் ரெண்டா இருக்குது?" என்றாள் அமராவதி. எவள் என்று அவன் கேட்கவில்லை.

இது இப்படியே போயிருக்கும். சுனாமி வந்தது. அலை ஒரு தடவைதான் வந்தது. அதற்கு அடுத்த வருஷம் முழுக்க நிறுவனங்கள் வந்துகொண்டே இருந்தன. சாராயத்தை ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. பீடியை இன்னொன்று. கந்துவட்டியை இரண்டு பேர் எடுத்துச் சண்டை போட்டு, ரோட்டுக்குக் கிழக்கே உன்னுடையது, மேற்கே என்னுடையது என்று பிரித்துக்கொண்டார்கள். குப்பங்களில் கை கழுவப் பழக்கினார்கள். கை கழுவிக் கழுவி வலை பிடிக்கும் கையெல்லாம் வழுக்கியது.

கரைமேல் விழிப்பு அறக்கட்டளை கடைசியாக வந்து சேர்ந்தபோது, மரக்காணத்தில் ஒழிப்பதற்கு ஒரு கெட்ட பழக்கம்கூட மிச்சமில்லை. பழக்கங்கள் அப்படியப்படியேதான் இருந்தன. ஒழிக்கிற உரிமைதான் போய்விட்டிருந்தது.

திட்ட இயக்குநர் தட்சணாமூர்த்தி தெருத்தெருவாக அலைந்தார். களப் பொறுப்பாளர் சங்கீதா பின்னால் குடை பிடித்து வந்தாள். தண்ணீர் கேட்டு அமராவதி வீட்டுக்குள் தலையை நீட்டியவர் விட்டத்தைப் பார்த்தார். அண்ணாந்தபடியே நின்றார். புதையலைப் பார்த்தவருக்குக்கூட அப்படிக் கண் கலங்காது.

"சங்கீதா, இதை யாராவது எடுத்திருக்காங்களா?"

"இல்ல சார். ஃப்ரீயாத்தான் இருக்குது."

அடுத்த வாரமே தெருக்கோடியில் இருந்த பழைய உப்புக் கிடங்கில் ‘கூந்தல் செலவுப் பழக்க மீட்பு மையம்’ திறக்கப்பட்டது. தட்சணாமூர்த்தி தலையில் ஒரு முடி கிடையாது. அதனாலேயே தன்னால் இந்தப் பிரச்சினையை நடுநிலையோடு அணுக முடிகிறது என்று திறப்பு விழாவில் அவரே சொன்னார்.

"தாய்மார்களே, எங்களைப் பத்தித் தெரியாம இருக்கும். நாங்க போன வருஷம் வரைக்கும் கொசுவுக்கு எதிரா இருந்தோம். கடுமையா இருந்தோம். நிதி முடிஞ்சது, கொசுவை விட்டுட்டோம். இப்போ எங்களுக்கும் கொசுவுக்கும் எந்தப் பகையும் இல்லை. அதுக்கு முன்னாடி எழுத்தறியாமை. அதையும் அப்படித்தான், பாதியில அழகா விட்டோம். இந்தத் தடவை உங்க தலையில கை வெச்சிருக்கோம்."

பெண்கள் கை தட்டினார்கள். கிடங்கின் மூலையில் எவர்சில்வர் குடங்கள் அடுக்கியிருந்தன. எல்லார் கண்ணும் அங்கேதான்.

முதல் கட்டத்துக்குப் பெயர் ஒப்புக்கொள்ளல். ஒவ்வொருத்தியாக எழுந்து தன் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பழக்கம் மிதம் என்றால் ஒரு சீப்பு. தீவிரம் என்றால் பக்கெட். மிகத் தீவிரம் என்றால் குடம்.

பக்கத்து வீட்டு திரௌபதி நல்லெண்ணெயைத் தவிர வேறு எதையும் கண்ணால்கூடப் பார்க்காதவள். அவள் எழுந்தாள். "எனக்குத் தூக்கத்துலகூட ஷாம்பு ஞாபகம் சார். நைட்டெல்லாம் நொரை நொரையா கனவு வருது" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குடம்.

அமராவதிக்கு நடிக்கத் தேவையிருக்கவில்லை. "ஏன் வாங்கறீங்க?" என்று சங்கீதா கேட்டாள்.

"உப்புக்கூடை தூக்கித் தூக்கி உச்சியில முடி போயிடுதும்மா."

"அதைக் கேக்கலைங்க. மனசுல என்ன குறை?"

அமராவதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெளியே மலர்கொடி வந்துகொண்டிருந்தாள். பின்னலை முன்னால் போட்டு, அது ஏதோ கைக்குழந்தை என்பதுபோலத் தாங்கிப் பிடித்துக்கொண்டு.

"ஒரு கொறையும் இல்ல" என்றாள் அமராவதி. அவள் முகத்தைப் பார்த்து, தட்சணாமூர்த்தி தானாகவே "மிகத் தீவிரம்" என்று அறிவித்தார்.

மலர்கொடியின் முறை வந்தது. "நான் ஒண்ணும் வாங்கறதில்லீங்க சார். எப்பனா சீயக்கா. இல்லாட்டி வெறும் தண்ணி."

"பழக்கமே இல்லையா?"

"இல்லீங்க."

இயக்குநர் முகம் சுருங்கியது. "பழக்கம் இல்லாதவங்களை எப்படிம்மா மீட்கறது? உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நாட்டுல பல திட்டம் தோத்துப்போவுது. வெளிய போங்க."

மலர்கொடி வெளியே போனாள். மலர்கொடிக்கு இடமில்லாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது! அந்தக் கிடங்கின் பல்லிகூட அமராவதிக்குப் பிடித்துப் போயிற்று. அதோடு இன்னொரு செய்தியும் சொன்னார்கள். முழுதாக மீண்டு வருகிற முதல் பெண்ணுக்கு ‘மீட்சி நங்கை’ பட்டம், பொன்னாடை. பஸ் ஸ்டாண்ட் எதிரில் சினிமாக்காரர்களுக்கு வைக்கிற அளவில் பேனர்.

அமராவதி அப்போதே முடிவு செய்துவிட்டாள். பாண்டிக்குத் துணி வாங்கப் போக மலர்கொடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துதானே ஆக வேண்டும். வரட்டும். என் மூஞ்சிக்குக் கீழே நின்று பஸ் ஏறட்டும்.

ஒப்படைப்பு விழா நடந்தது. கொள்ளைக்காரர்கள் துப்பாக்கி ஒப்படைப்பதுபோல, பெண்கள் வரிசையில் வந்து ஷாம்புச் சரங்களை மேசையில் கிடத்திவிட்டுக் கும்பிட்டார்கள். கரடித் தைலத்தை வைக்கும்போது அமராவதி அழுதாள். பத்திரிகைக்காரர் இன்னொரு தடவை அழச் சொன்னார். அப்போதும் அழுதாள். ஒப்படைத்த சரக்கெல்லாம் பத்திரமாக அலுவலகத்துக்குள் போயிற்று. அடுத்த மாதத்தில் அலுவலக டிரைவரின் கிராப்பு எக்கியார்குப்பம் வரை மணத்தது.

பிறகு மோப்பச் சோதனை. விடிந்ததும் சங்கீதா வீடு வீடாக வந்து, பெண்கள் உச்சந்தலையில் மூக்கை வைத்து முகர்வாள். திரௌபதி தலையில் மல்லிகை வாசம் வந்ததற்கு விசாரணை நடந்தது. பூ வைத்தது உண்மை, ஆனால் உள்நோக்கம் இல்லை என்று அவள் எழுந்து நின்று சொன்ன பிறகே விட்டார்கள். அமராவதி தலையில் உப்புவாசம் தவிர எதுவும் வரவில்லை. "அக்கா, உங்களை மாதிரி யாரும் இல்லக்கா" என்பாள் சங்கீதா, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

அமராவதி பட்ட பாடு கொஞ்சமல்ல. எதிர் வாசலில் அந்த முடி வெயிலில் விரியும். காற்று அதன் வாசத்தை நேராகத் தெருவைத் தாண்டி இவள் வீட்டுக்குத்தான் கொண்டுவரும். பெட்டிக்கடையில் புதுச் சரம் தொங்கும்போது கை தானாக நீளும். நீட்டிய கையால் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்புவாள். வீட்டில் தீப்பெட்டி மலைபோலச் சேர்ந்தது. ஆனால் பழக்கம் விட்டது. நிஜமாகவே விட்டது. அந்த மையத்தில் நிஜமாக நடந்த காரியம் அது ஒன்றுதான். அதனால்தான் சிக்கல் வந்தது.

பேனருக்குப் படம் பிடிக்க வேண்டிய நாளில் தட்சணாமூர்த்தி இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மீட்புக்கு முன் எடுத்ததில் அமராவதி தலை துடைப்பமாக இருந்தது. மீட்புக்குப் பின் எடுத்ததில், துடைப்பம் தேய்ந்திருந்தது.

"சங்கீதா, இதுல எது முன், எது பின்?"

சங்கீதா உற்றுப் பார்த்தாள். "ரெண்டாவதுதான் முன் மாதிரி இருக்குது சார்."

அவருக்கு வேர்த்தது. "டெல்லியிலேர்ந்து ஆலோசகர் அம்மா வர்றாங்க. மீண்டவங்க தலை மீண்ட மாதிரி இருக்க வேண்டாமா?" என்றவர், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். அங்கே ஒரு முதுகு, ஒரு முக்காலி.

பேனர் வைத்த அன்று அமராவதி கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு பலராமனோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். பேனரின் இடது பக்கம் அவள் முகம் இருந்தது, பேய் பிடித்து இறங்கியதுபோல. அங்கிருந்து சிவப்பு அம்புக்குறி ஒன்று வலது பக்கம் பாய்ந்தது. வலது பக்கம் மலர்கொடி திரும்பி நின்று, தோளுக்கு மேலே அரை முகம் காட்டிச் சிரித்தாள். மேலிருந்து கீழ்வரை முடி. அடியில் பெரிய எழுத்தில்: ‘மரக்காணம் அமராவதி. மீட்புக்கு முன், மீட்புக்குப் பின்.’

பலராமன் வெகுநேரம் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கற" என்றான்.

அமராவதி நேராக மையத்துக்குப் போனாள். வழியில் மலர்கொடியைப் பார்த்தாள். "அந்த சார்தான் திரும்பி நில்லுன்னாரு, நின்னேங்க்கா. எதுக்குன்னு சொல்லல" என்றாள் அவள். சிரிக்காமல்தான் சொன்னாள். அது இன்னும் எரிந்தது.

"அம்மா, உக்காருங்க" என்றார் தட்சணாமூர்த்தி. "பேனர்ங்கறது ஒரு தனி மனுஷியைப் பத்தினது இல்லை. அது ஒரு பயணம்."

"அந்தப் பயணத்துல என்னைப் பாதி வழியில எறக்கி வுட்டுட்டீங்களே சார்!"

"அப்படிப் பாக்காதீங்க. எங்க அறிக்கைப்படி அமராவதி ரொம்ப நல்லா இருக்காங்க. முட்டி வரைக்கும் முடி. உங்களுக்கு அதுல ஒரு சந்தோஷம் வேணாமா? நாளைக்கு விழா மேடையில அமராவதிக்குப் பொன்னாடை போத்தறோம். நீங்க கண்டிப்பா வரணும். கீழ உக்காந்து கை தட்டலாம்."

"மேடையில யாரு இருப்பா?"

"அமராவதிதான்."

மறுநாள் விழாவுக்கு ஊரே திரண்டது. பந்தலின் முன்வரிசையில் அமராவதி உட்கார்ந்திருந்தாள். பொன்னாடை போர்த்துகிற அந்த நொடியில் எழுந்து ‘நான்தான் அமராவதி’ என்று கத்துவதென்று திட்டம். மேடையில் மலர்கொடி, சார் சொன்னபடி அமராவதியாகக் கூச்சத்தோடு அமர்ந்திருந்தாள். பின்னால் பேனரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

டெல்லி ஆலோசகர் தமிழ் தெரிந்த அம்மாள்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசினார். "ஷாம்புவை விட்டீர்கள், மகிழ்ச்சி. தைலத்தை விட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் மறுபடியும் வாங்க மாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நான் ஆறு மாநிலங்களில் ஆராய்ந்தேன். முடி வைத்திருப்பவர்கள்தான் முடிக்கான பொருள்களை வாங்குகிறார்கள். இதை இதுவரை யாரும் கவனிக்கவில்லை. எனவே இரண்டாம் கட்டம் வேரிலிருந்து தொடங்குகிறது. அதைத் தொடங்கி வைக்கும் பெருமை, நமது மீட்சி நங்கை அமராவதிக்கு!"

திரை விலகியது. ஒரு நாற்காலி, ஒரு செம்புத் தண்ணீர், கத்தியைத் தீட்டியபடி நாவிதர் நடராசன்.

பந்தல் கலகலத்தது. "என் முடி மயிலம் முருகனுக்கு நேர்ந்துகிட்டது!" என்று திரௌபதி முந்திக்கொண்டாள். சாமிக்கு நேர்ந்த முடியை வேறு எங்கும் எடுக்கக்கூடாது என்பது அந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்த நிமிஷம் பந்தலில் இருந்த அத்தனை தலையும் முருகனுக்குப் போய்விட்டது.

"என்னுதும்தாங்க, என்னுதும் மயிலத்துக்குத்தான்!" என்று மேடையில் மலர்கொடி அலறினாள்.

தட்சணாமூர்த்தி குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அமராவதிம்மா, நீங்க சேரும்போது வேண்டுதல் எதுவும் சொல்லலையே. இப்போ சாமிகிட்டேர்ந்து ஆட்சேபணை இல்லைன்னு வாங்கி வர நேரமும் இல்லை."

"நான் அமராவதியே இல்லீங்க! தோ கீழ உக்காந்திருக்குதே அந்தக்காதான்!"

ஆலோசகர் திரும்பிப் பேனரைப் பார்த்தார். மலர்கொடியைப் பார்த்தார். "நீங்கள்தான். தெளிவாக எழுதியிருக்கிறது" என்றார். இரண்டு களப்பணிப் பெண்கள் மலர்கொடியை நாற்காலியில் அமர்த்தினார்கள். பின்னல் அவிழ்ந்தது. நடராசன் தண்ணீர் தெளித்தார்.

ஊர் முழுக்க அமராவதியைப் பார்த்தது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் இருந்தாலே போதும். எத்தனை வருஷத்து எரிச்சல், ஒரு சவரத்தில் அடங்கிவிடும். நாளையிலிருந்து எதிர் வாசலில் முக்காலி இருக்கும். அதில் ஒரு மொட்டைத் தலை இருக்கும். நினைக்கவே இனித்தது.

ஈர முடி நாற்காலியிலிருந்து மேடைப் பலகை வரை கறுப்பாக வழிந்து கிடந்தது. அமராவதி அதைப் பார்த்தாள். அதில் சிக்கு எங்கே விழும், எந்தப் பக்கம் சீக்கிரம் காயும், எந்த இடத்தில் செம்பட்டை ஓடும் என்று மலர்கொடியைவிட அவளுக்குத் தெரியும். கூடையோடு நடக்கும்போதெல்லாம் அவள் மனசில் சீவிக்கொண்டு வந்தது அந்த முடியைத்தான். பின்னால் பேனர் காற்றில் படபடத்தது. அமராவதி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே. ஊரறிய அது அமராவதி முடி. கிடைக்காமல் கிடைத்ததை, கண்ணெதிரிலேயே ஒருத்தன் வழிக்கப் போகிறானே!

"கத்தியைக் கீழ வெய்யா!" என்று மேடையில் பாய்ந்து ஏறினாள். "அது என் முடி!"

தட்சணாமூர்த்தி தடுமாறினார். "அம்மா, நீங்க..."

"நான்தான் அமராவதி. ரேஷன் கார்டு வேணுமா? இந்தா இடது பக்கம் என் மூஞ்சி. பேர் யாருது? என்னுது. அப்போ வலது பக்கத்து முடி யாருது? நீங்கதான சார் எழுதி வெச்சீங்க? என் முடியை எடுக்க நான் சம்மதிக்கல. ஒரு மயிரு எடுக்க வுட மாட்டேன்."

ஆலோசகர் யோசித்தார். முடி அமராவதியுடையது. அமராவதி மறுக்கிறாள். பேனர் தவறு என்றால் திட்டம் தவறு. திட்டம் தவறாக இருக்க முடியாது. "உரிமையாளர் மறுப்பதால் அந்தக் கூந்தலை விட்டுவிடலாம்" என்றார். "ஆனால் இரண்டாம் கட்டம் இன்று தொடங்கியாக வேண்டும். பத்திரிகைகளுக்குச் சொல்லியாகிவிட்டது."

தட்சணாமூர்த்திக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. "மேடம், இவங்க தலையில இப்போ இருக்கறது மீட்புக்கு முந்தின முடி. நம்ம அறிக்கைப்படி அது இப்போ இல்லை. இல்லாத முடியை எடுக்கறதுல யாருக்கும் ஆட்சேபணை வராது."

மலர்கொடி எழுந்து ஒதுங்கிய நாற்காலி காலியாக இருந்தது. பொன்னாடை தட்டில் காத்திருந்தது. கேமராக்கள் எல்லாம் இப்போது அமராவதியைப் பார்த்தன. அவள் போய் உட்கார்ந்தாள்.

"யம்மா, நெசமாவா?" என்றார் நடராசன்.

"வழி."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பலராமன் ஓடிவந்தான். "ஏம்மே! நான் கல்லு மாதிரி உயிரோட நிக்கறேன், நீ தலையை வழிச்சிக்கறியா? சாமி பேரையாவது சொல்லித் தொலை!"

"முருகா" என்றாள் அமராவதி. நடராசனுக்கு நிம்மதி. கத்தி இறங்கியது.

முடிந்ததும் பொன்னாடை விழுந்தது. கைதட்டல் பந்தலைத் தூக்கியது. பெண்கள் மேடையேறி வந்து அவள் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஆலோசகர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். திரௌபதி, "மூஞ்சி இன்னா களையா இருக்குதுடி உனக்கு, இத்தினி நாளு தெரியலையே" என்றாள்.

மலர்கொடி மேடை ஓரத்தில் தனியாக நின்றாள். ஈர முடியின் பாரத்தில் கழுத்து பின்னுக்குச் சாய்ந்தது. ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது. நன்றி சொல்லத்தான் கிட்டே வந்தாள். வந்தவள் நன்றி சொல்லவில்லை. அமராவதியின் தலையையே பார்த்தாள்.

"யக்கா... காத்து படறப்போ ஜில்லுனு இருக்குமில்ல?" என்றாள். "எனக்குக் கழுத்தே ஒடிஞ்சி போவுது. யாரு கிட்டச் சொல்ல முடியும்?"

அந்தக் குரலை அமராவதிக்கு நன்றாகத் தெரியும். தன் தொண்டைக்குள் வைத்து வளர்த்த குரல். இன்னொருத்தி வாயிலிருந்து அது வந்து கேட்டது இதுதான் முதல் தடவை.

அமராவதி கழுத்தை நிமிர்த்தினாள். பொன்னாடையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு, வலது கையைத் தூக்கி, நெற்றியிலிருந்து பிடரி வரை மெதுவாக ஒரு தடவு தடவினாள். கத்தி கீறிய இடமெல்லாம் உப்புக்காற்று பட்டு எரிந்தது. மலர்கொடியின் கண் அந்தக் கையோடேயே போய் வந்தது.

அமராவதி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை தடவினாள்.